எல்லாப் பின்னலாடைக்கும் 6109 போடலாமா?

கேள்வி: காட்டன் டி-சர்ட், காலர் வைத்த போலோ, உட்புறம் பிரஷ் செய்த ஹூடி மூன்றையும் ஒரே சரக்கில் இறக்குமதி செய்கிறேன். விற்பவர் இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் 6109.10 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணையே (HS கோடு) போட்டிருக்கிறார். அப்படியே தாக்கல் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். விற்பவர் எழுதிய கோடு சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தாது. தாக்கல் செய்வது நீங்கள், அதனால் தவறானால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். நான் பார்த்தவரை பல சரக்குகள் மாட்டுவது இன்வாய்ஸில் உள்ள பெயரை நம்பித்தான். சுங்க வகைப்பாடு பெயரைப் பார்ப்பதில்லை. கழுத்து, ஓரம், துணி மூன்றையும் பார்க்கிறது.

6109 என்ற தலைப்பு (கோடின் முதல் நான்கு இலக்கம்) டி-சர்ட்டுக்கும் பனியனுக்கும் உரியது. காலர் இல்லை, பட்டன் இல்லை, கழுத்தில் திறப்பு இல்லை, துணியிலும் பிரஷ் செய்த பஞ்சு இல்லை என்றால் அங்கே போகும். கீழ் ஓரத்தில் ரிப் பட்டையோ இழுத்துக் கட்டும் நாடாவோ இருந்தால், சுங்க அட்டவணையில் பின்னலாடைக்கான அத்தியாயம் 61-இன் குறிப்பு 5 அதை 6109-ஐ விட்டு வெளியே தள்ளிவிடும். உங்கள் சாதாரண டி-சர்ட் இதில் தேறும். ஹூடி தேறாது. அது ஸ்வெட்டர், ஸ்வெட்சர்ட் வகைக்கான 6110. குளிர், காற்றைத் தடுக்க மேலே போடும் கனமான ஜாக்கெட்டாகத் தைத்திருந்தால் மட்டும் 6101 அல்லது 6102 பக்கம் பாருங்கள்.

போலோதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஆண்களுக்கானது என்றால் 6105, பெண்களுக்கானது என்றால் 6106. ஆனால் அதே அத்தியாயத்தின் குறிப்பு 4 மூன்று நிபந்தனை வைக்கிறது. இடுப்புக்குக் கீழே பாக்கெட் கூடாது. கீழ் ஓரத்தில் ரிப் பட்டையோ வேறு இறுக்கும் வழியோ கூடாது. மூன்றாவதைத்தான் பலர் சோதிப்பதே இல்லை: துணியின் இரு திசையிலும் ஒரு செ.மீ.க்குச் சராசரி 10 கண்ணிக்கு (பின்னல் வளையத்துக்கு) குறைவாக இருந்தால் அந்தத் தலைப்புகளில் இடம் கிடையாது. சாம்பிளை மேசையில் விரித்து, இழுக்காமல், குறைந்தது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றை ஸ்கேலால் குறித்து, பூதக்கண்ணாடி வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் எண்ண வேண்டும். 10 செ.மீ.க்கு 85 கண்ணி வந்தால் சராசரி 8.5. இரண்டு பக்கமும் இப்படி வந்தால் அது பெரும்பாலும் 6110-க்குத்தான் போகும். தடித்த நூலில் பின்னிய போலோக்களில் இது சகஜம்.

முன்புறத் திறப்பையும் பாருங்கள். இடது பக்கம் வலதின் மேல் வந்தால் ஆண்கள் ஆடை, வலது இடதின் மேல் வந்தால் பெண்கள் ஆடை. ஆடை வெட்டித் தைத்த விதத்தைப் பார்த்தே யாருக்கானது என்று தெளிவாகத் தெரிந்தால் இந்த விதி வேண்டாம். எப்படியும் பிரிக்கவே முடியாவிட்டால் பெண்கள் தலைப்பு.

அப்புறம் நூல். பருத்தியா பாலியஸ்டரா என்பதை எடைதான் தீர்மானிக்கும், விலை அல்ல. 60 சதவீதம் பருத்தி கொண்ட ஹூடி 6110.20. 60 சதவீதம் பாலியஸ்டர் என்றால் 6110.30. சரி, சரிபாதி என்றால்? எண் வரிசையில் கடைசியாக வரும் பொருள் வெல்லும். பருத்தி 52-ஆம் அத்தியாயம், செயற்கை இழைகள் 54, 55. ஆகவே 50-50 கலவை 6110.30 ஆகிவிடும். லேபிளில் 50-50 என்று இருந்து உண்மையில் 52-48 ஆக இருப்பதும் உண்டு, அதனால் ஆய்வக அறிக்கை கேளுங்கள்.

ஹூடியோடு பேன்ட்டையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால், விளையாட்டுக்கான ட்ராக் சூட்டாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து 6112. மற்றபடி பொதுவாக ஒவ்வொன்றும் தன் தன் தலைப்புக்குப் போகும்.

தவறான கோடு வரி வித்தியாசத்தோடு நிற்காது. வணிக ஒப்பந்த வரிச் சலுகை கேட்கிறீர்கள் என்றால், பிறப்பிடச் சான்றிதழில் (சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று) இருக்கும் கோடும் உங்கள் தாக்கலும் ஒத்துப்போகாதபோது சலுகையே சிக்கலாகும். முதல் 6 இலக்கம் உலகச் சுங்க அமைப்பின் முறைப்படி எங்கும் பொது. அதற்குப் பின்வரும் இலக்கங்களும் வரி விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டின் தற்போதைய அட்டவணையில் பாருங்கள்.

இப்போதைக்கு விற்பவரிடம் ஒவ்வொரு டிசைனையும் தனித்தனியாகப் பதிந்த இன்வாய்ஸ், எடைவாரி நூல் விகிதம், கழுத்தும் கீழ் ஓரமும் தெரியும் படம் வாங்குங்கள். கண்ணி எண்ணிக்கை 10-ஐ ஒட்டி வரும் போலோவுக்கு, சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்பே சாம்பிளோடு சுங்கத்துறையிடம் எழுத்து மூலமான முன்கூட்டிய முடிவு கேட்டு விண்ணப்பியுங்கள்.