வாசலில் நிறுத்தியவர் செய்தது சரியே

கேள்வி: எங்களுக்குக் குமுளி. கம்பத்தில் ஒரு தியேட்டரில் ‘யுஏ 16+’ படத்துக்குப் பதினொரு வயது மகளோடு போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேரளப் பக்கம் ஒரு தியேட்டரில் ‘ஏ’ படத்துக்குப் பதினைந்து வயது மகனோடு போனபோது, கையில் டிக்கெட் இருந்தும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெற்ற தகப்பன் நானே உடனிருக்கும்போது இவர்களுக்கு என்ன வந்தது? மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறா?
– வாசகர், குமுளி

பதில்: சட்டம் ஒன்றுதான், நீங்கள் போன இரண்டு படங்களின் சான்றிதழ்தான் வேறு. திரையரங்குக்கு உரிமம் தருவது, கட்டணத்தை முறைப்படுத்துவது போன்றவை மாநில அரசின் கையில் இருப்பதால், மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனால் அவை மாறலாம். படத்துக்குச் சான்றளிப்பது மத்திய அரசின் அதிகாரம். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் கொடுக்கும் எழுத்துக்குச் சோதனைச்சாவடியின் இரு பக்கமும் ஒரே பொருள்தான்.

‘ஏ’ படம் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. அங்கே தகப்பனின் சம்மதத்துக்கு இடமே இல்லை. சிறுவனை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் தண்டனைக்கு ஆளாக நேரிடும். டிக்கெட் வாங்கியதால் வயது கூடிவிடாது. பெற்றோருடன் வரும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உங்கள் மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது, நீங்கள் கோபப்படாத அந்தக் கம்பத்துச் சம்பவம்தான். முன்பு பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைக் கருதிப் பொதுவாக ‘யுஏ’ என்று மட்டும் போட்டுவந்ததை, 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. இந்த எண்கள் பெற்றோருக்காகவே போடப்படுகின்றன. பெற்றோரும் பாதுகாவலரும் தவிர வேறு யாரும் இவற்றைச் சொல்லித் தடுக்க முடியாது என்பதும் அந்தத் திருத்தத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 15 என்று போட்ட படத்துக்கு, வயது நிரம்பாத பிள்ளை பெற்றோருடன் வந்தாலும் தியேட்டரில் அனுமதி கிடையாது. நம் ஊர் 16+ அப்படிப்பட்டதல்ல. ஆகவே கம்பத்தில் டிக்கெட் கிழித்தவர் உங்களைத் தடுக்காததற்குக் காரணம், படம் பதினொரு வயதுக்கு ஏற்றது என்பதன்று. முடிவெடுக்கும் பொறுப்பைச் சட்டம் உங்களிடமே விட்டிருந்தது என்பதுதான். வன்முறை, அச்சமூட்டும் காட்சி, போதைப்பொருள், ஆபாசம், வசைச்சொல் ஆகியவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, பதினாறுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றி யோசியுங்கள் என்று வாரியம் சொன்னதை நீங்கள் யோசித்தீர்களா என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரியத்தின் கணிப்பு எப்போதும் சரி என்று நான் வாதாட வரவில்லை. நாயகன் அரிவாளும் கையுமாகவே அலையும் படங்களிடம் அது காட்டும் தாராளம் எனக்கும் விளங்குவதில்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுப்பது வேறு, பாராமலே போவது வேறு.

படம் தொடங்குமுன் திரையில் சான்றிதழ் வரும்போது பாதிப் பேர் செல்போன் வெளிச்சத்தில் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பார்த்தாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும். சுவரொட்டியிலோ முன்பதிவுச் செயலியிலோ அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையோரத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மொழிமாற்றுப் படத்துக்குத் தனிச் சான்றிதழ் வாங்குவதும் உண்டு. அப்படி வாங்கும்போது, தமிழ் மூலத்துக்குச் சென்னை மண்டல அலுவலகம் கொடுத்ததும், அதன் மலையாள வடிவத்துக்குத் திருவனந்தபுரம் கொடுப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதியில்லை. எனவே கம்பத்துச் சுவரொட்டியை நம்பி, அதே படத்துக்குக் கேரளத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.