ஸ்டீராய்டு ஊசியும் கண்ணாடிப் பெட்டியும் – கடிதம்

அன்புள்ள டாக்டருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இந்த மாதம் 3-ஆம் தேதி என் மகளுக்கு 31 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை, 1,400 கிராம். பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாக அவளுக்கு ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நான்கு ஊசி. குழந்தை பிறந்த அன்றைக்கே அதை அவள் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார்கள். என் மனைவிக்கு ஒரே பதற்றம். 1988-இல் எங்கள் மூத்த மகன் எட்டாம் மாதத்தில் பிறந்தபோது 12 நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், பெற்றவளைத் தொடவே விடவில்லை. தொட்டால் கிருமி என்றார்கள். இப்போது தொட்டுக்கொண்டே இரு என்கிறார்கள். எதுதான் சரி?

இது போதாதென்று என் மைத்துனர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். இந்தியா உட்பட ஏழை நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு இதே ஸ்டீராய்டைப் போட்டுப் பார்த்ததில் குழந்தைச் சாவு கூடியதாம். தெரிந்தேதான் போடுகிறார்களா? நம் பிள்ளைகள் இவர்களுக்குச் சோதனை எலிகளா? பேரன் இப்போது 1,620 கிராம். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் மனதைத் தெளிவாக்கிக்கொள்ள ஆசை.

ச., சங்கரன்கோவில்
25-ஆம் தேதி

அன்புள்ள ச. சார்,

பேரன் எடை ஏறிக்கொண்டிருக்கிறான், அதுதான் பெரிய விஷயம். வாழ்த்துகள்.

உங்கள் மைத்துனர் அனுப்பியது பொய்யில்லை. அந்த ஆய்வு நடந்தது, சாவும் கூடியது. ஆனால் அவர் அனுப்பியது கதையின் நடுப்பக்கம். முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் மகளுக்கு ஏன் அந்த ஊசி போட்டார்கள் என்பது விளங்கும்.

கதை ஓர் ஆட்டுக்குட்டியில் தொடங்குகிறது. 1960-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்றொரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். நுரையீரலைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய கேள்வி வேறு: பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது தாயா, வயிற்றில் இருக்கும் பிள்ளையா? சினை ஆடுகளை வைத்துப் பார்த்தார். கருவில் இருக்கும் குட்டிக்கு கார்டிசால் என்ற ஹார்மோனைச் செலுத்தினால் ஆடு முன்கூட்டியே ஈன்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அப்படி ரொம்ப சீக்கிரம் பிறந்த ஒரு குட்டி, கணக்குப்படி செத்தே பிறந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதன் நுரையீரலைத் திறந்து பார்த்தால் பாதிக்குக் காற்றேறி விரிந்திருந்தது. விரியவே கூடாத நுரையீரல் அது.

மழையில் நனைந்த பிளாஸ்டிக் பையைப் பிரிக்கப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் அறைகள் அப்படித்தான், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்ளும். நிறைமாதம் நெருங்கும்போது அந்த அறைகளின் உள்ளே சோப்பு நுரை மாதிரியான ஒரு பூச்சு சுரக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்பார்கள். அது இருந்தால் ஒட்டாது. தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு நஞ்சுக்கொடி வழியாகப் போய், குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே முதிர வைக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் பையன்கள் போட்டுக்கொள்கிறார்களே, அது வேறு ஸ்டீராய்டு. பெயர்தான் ஒன்று.

லிகின்ஸும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்து 1972-இல் வெளியிட்டார்கள். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 25.8 சதவீதம் பேருக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. போட்டவர்களின் குழந்தைகளில் 9 சதவீதம். இவ்வளவு தெளிவான முடிவு வந்த பிறகு உலகமே அந்த ஊசியைப் போட ஆரம்பித்திருக்க வேண்டும் இல்லையா? நடக்கவில்லை. அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. பல ஆய்வுகள் சிறியவை, தனித்தனியாகப் பார்த்தால் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற மாதிரி இருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் வேலையை 1989 வரை யாரும் செய்யவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இந்த ஊசியை அழுத்திப் பரிந்துரைத்தது 1994-இல். 22 வருடம்! மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகளும் கீழே ஒரு சிறு வைரக்கட்டமும் இருக்கும். கோடு ஒவ்வொன்றும் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளில் ஒன்று, வைரக்கட்டம் அவற்றின் கூட்டு முடிவு. யாரும் கூட்டிப் பார்க்காததால் இறந்துபோன ஆயிரக்கணக்கான குழந்தைகளை மறந்துவிடக் கூடாது என்று அதையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்ன 1988 அந்த 22 வருடத்துக்குள்தான் வருகிறது. உங்கள் மனைவிக்கு அன்று இந்த ஊசி போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மருந்து இருந்தது, விலையும் அதிகமில்லை.

சரி, இப்போது மைத்துனரின் பக்கம். இவ்வளவு நல்ல ஊசி பணக்கார நாடுகளின் பெரிய மருத்துவமனைகளோடு நிற்க வேண்டாம், கிராமத்துச் சுகாதார நிலையம் வரை கொண்டுபோவோம் என்று 2011-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஆறு நாடுகள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிரசவங்கள். நம் நாட்டில் பெலகாவி, நாக்பூர் பகுதிகள். 2015-இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஊசித் திட்டம் நடந்த பகுதிகளில் 1,000 குழந்தைகளுக்கு 27.4 பேர் முதல் 28 நாளுக்குள் இறந்திருந்தார்கள். திட்டம் இல்லாத பகுதிகளில் 23.9. தாய்மார்களுக்குத் தொற்றும் கூடியிருந்தது.

ஊசி அதே ஊசிதான், போட்ட சூழல் வேறு. கிராமத்தில் எத்தனையாவது வாரம் என்பதைத் துல்லியமாகச் சொல்ல ஸ்கேன் இல்லை. கடைசி மாதவிலக்குத் தேதியையும் வயிற்றின் அளவையும் வைத்துக் கணித்தார்கள். அதனால் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையில் குறைமாதத்தில் பெறப்போகிறவர்களே இல்லை. நுரையீரல் தயாராக இருந்த குழந்தைக்கு அந்த ஸ்டீராய்டால் லாபம் ஒன்றுமில்லை. உண்மையிலேயே சீக்கிரம் பிறந்த குழந்தைக்கோ, பிறந்த பின் வேண்டிய ஆக்சிஜனும் கதகதப்பும் கவனிப்பும் பல இடங்களில் இல்லை.

அதோடு விட்டிருந்தால் நம் ஊரில் இந்த ஊசியே நின்றுபோயிருக்கும். உலக சுகாதார அமைப்பு விடவில்லை. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்தது. இந்த முறை வாரக் கணக்கை ஸ்கேனில் உறுதி செய்தார்கள். 26 முதல் 33 வாரத்துக்குள் இருக்கும், பிரசவம் நிச்சயம் நெருங்கிவிட்ட பெண்களை மட்டும் சேர்த்தார்கள். 2,852 பேர். பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 2020-இல் வந்த முடிவு: ஊசி போட்ட பக்கம் 19.6 சதவீதக் குழந்தைகள் இறந்தன, போடாத பக்கம் 23.5 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 25 பெண்களுக்குப் போட்டால் ஒரு குழந்தை பிழைக்கிறது. உங்கள் மகள் 31 வாரம், பனிக்குடம் உடைந்து, கவனிப்பு இருக்கிற ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் இந்த ஆய்வின் பெண், 2015-ஆம் வருட ஆய்வின் பெண் இல்லை.

என்னைக் கேட்டால், பேறுகால, பச்சிளங்குழந்தை மருத்துவ ஆய்வுகளில் கடந்த 15 வருடங்களில் நடந்த பெரிய மாற்றம் புது மருந்துகள் இல்லை. "இது வேலை செய்யுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "இது யாருக்கு, எந்த ஊரில், எந்த வார்டில் வேலை செய்யும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறந்ததும் அழாத குழந்தை, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தை. அதன் உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் மூளைச் சேதம் குறையும் என்று இங்கிலாந்து, அமெரிக்க ஆய்வுகள் சொல்லின. நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில் அதற்கான இயந்திரம் கிடையாது. ஜெல் பொட்டலங்களை ஃப்ரீசரில் வைத்து, துணி சுற்றி, குழந்தையின் இரண்டு பக்கமும் அடுக்குவோம். ஆசனவாயில் வெப்பமானி வயர். எண் 33-க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தை எடுப்பது, 34 தாண்டினால் ஒன்றை வைப்பது. ராத்திரி முழுக்க இதே வேலை. ஒரு குழந்தையின் ஆச்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். உள்ளே விட்டபோது பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ஐஸ்கட்டி மாதிரி இருக்கே, ஒரு துணி போத்தக் கூடாதா?" என்று கேட்டார். நான் அந்த ஆய்வுகளையெல்லாம் அவருக்குத் தமிழில் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். ஆச்சி தலையாட்டினார். மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டது.

குளிரால்தான் இறந்தது என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் 2021-இல், இந்தக் குளிர்விப்பை நம் பக்கத்து நாடுகளில் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வின் முடிவு வந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மொத்தம் ஏழு மருத்துவமனைகள், 408 குழந்தைகள். நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அதில் ஒன்று. இவர்களிடம் என்னைப் போல ஐஸ் பொட்டலம் இல்லை, ஒழுங்கான இயந்திரம் இருந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காமல் வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தவர்களில் 31 சதவீதம். லண்டனில் காப்பாற்றிய சிகிச்சை இங்கே ஏன் காப்பாற்றவில்லை? நம் தாய்மார்களின் கருவில் பாதிப்பு பிரசவத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது, குளிர்விக்கும் நேரத்துக்குள் காலம் கடந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இதை ஏற்காத நிபுணர்களும் நம் நாட்டில் உண்டு. கவனிப்பு நன்றாக இருக்கும் இடத்தில் குளிர்விக்கலாம் என்கிறார்கள், குளிர்விக்கவும் செய்கிறார்கள். அந்தச் சண்டை ஓயவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது பாதத்தைப் பிடித்திருந்த ஆச்சியின் கை.

அடுத்து, வீட்டம்மாவின் பதற்றம். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள், ஒன்றுக்குக் கிருமி வந்தால் எல்லாவற்றுக்கும் வந்தது. எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் நெஞ்சில் கட்டிவிட்டார். கங்காரு முறை அப்படித்தான் பிறந்தது, வழியில்லாமல். அப்புறமும் ரொம்ப காலம், முதலில் குழந்தை பெட்டியில் தேறட்டும், தேறிய பிறகு கங்காரு என்றுதான் விதி இருந்தது. ஏன் காத்திருக்க வேண்டும் என்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் 3,211 குழந்தைகள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள். ஒரு நாளில் கிட்டத்தட்ட 17 மணி நேரம் குழந்தை நெஞ்சிலேயே கிடந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், பழைய முறையில் 15.7 சதவீதம். கிருமித் தொற்றும் தாயோடு இருந்த குழந்தைகளுக்குத்தான் குறைவு. 1988-இல் பெட்டி தப்பில்லை சார், குழந்தைக்குக் கதகதப்பு வேண்டும். பெட்டிக்கு வெளியே தாயை நிறுத்தியதுதான் தப்பு.

கடைசியாக, சோதனை எலிகளா என்று கேட்டீர்கள். சோதிக்காமல் செய்த காலம் ஒன்று இருந்தது. 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். உயிர்க்காற்றுதானே, கூடினால் என்ன? உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகளுக்குக் கண் போனது. வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற கண் மருத்துவர் சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துச் சோதித்தபோது, டாக்டர் பிள்ளைகளைக் கொல்கிறார் என்று பயந்து நர்ஸுகளே ராத்திரியில் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். உங்கள் வீட்டம்மாவைப் போல நல்ல மனசுதான். 1953-54-இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு விஷயத்தை உறுதி செய்தது. உடனே எல்லோரும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைக்க, அதனாலும் குழந்தைகள் செத்தன. எவ்வளவுதான் சரி என்று மறுபடி ஒழுங்காகச் சோதிக்க 2010 ஆனது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91-95 சதவீதம் இருந்தால் உயிர் பிழைப்பது கூடுகிறது, கண் பாதிப்பும் கூடுகிறது. 85-89 என்றால் கண் தப்புகிறது, சாவு கூடுகிறது. உயிரை முதலில் வைத்து, கண்ணைத் தனியாகப் பரிசோதித்துக் காப்பாற்றுவது என்று இப்போது செய்கிறார்கள்.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் கண் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு கிலோவுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, 30 நாள் முடிவதற்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். பிள்ளை கத்தும், வீட்டம்மாவை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். பேரனுக்கு இன்றோடு 22 நாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்.