தென்காசிக்குத் தொழில்களை அழைப்பது: உங்கள் கையேட்டில் விடுபட்டவை

வணக்கம். தென்காசி மாவட்டத்துக்கு முதலீட்டாளர்களை அழைக்கக் கையேடு அச்சிட்டு 40 நிறுவனங்களுக்கு அனுப்பியும் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உழைத்துச் செய்ததற்குப் பலன் இல்லாதபோது மனம் சோர்வது இயல்புதான்.

நீங்கள் பதிவேற்றிய பக்கங்களைப் படித்தேன். குற்றால அருவி, சாரல், அரசு மானியம், மறுபடியும் அருவி. பட்டறையை இடம் மாற்ற நினைப்பவர் அதைத் தேடுவதில்லை. மின்மோட்டார் எரிந்துபோனால் கம்பிச் சுருளை (காயில்) மறுபடி கட்டித்தர எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும், கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், லாரி உள்ளே திரும்புமா என்றுதான் கேட்பார். காலியாக இருக்கும் கட்டடங்களை நேரில் அளந்து, வாடகையையும் மின் இணைப்பின் திறனையும் எழுதி ஒரே தாளில் கொடுங்கள்.

எல்லாத் தொழிலையும் அழைக்காதீர்கள். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. புளியங்குடியில் எலுமிச்சை குவிகிறது. புளியரை வழியே கேரள எல்லை பக்கம். உணவு பதப்படுத்துவோரிடம் முதலில் பேசுங்கள். அதிலும் சென்னையிலும் கோவையிலும் தொழில் நடத்தும் நம் மாவட்டத்துக்காரர்களிடம். திருவிழாவுக்கு ஊர் வருபவரை அரை நாள் வண்டியில் அழைத்துச் சென்று இடங்களைக் காட்டுவது 40 தபால்களைவிட மேல்.

மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறைக்கு வந்தபோது சிறிய அளவில்தான் தொடங்கியது. பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே பயிற்சியும் கொடுத்தது. ஆகவே பத்துப் பேருக்கு வேலை தரும் பட்டறையையும் சிறிதென்று ஒதுக்காதீர்கள். அரசின் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரை முதல் சந்திப்பிலேயே உடன் அமர வையுங்கள். கட்டடப் பட்டியல் தயாரானதும் இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.