அம்மாவின் வருத்தம் மகளுக்கும் வருமா?

மனநலக் கிளினிக்கில் பல வருடம் வேலை செய்த மலையகத் தாதி ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து: அக்கா, அம்மாவுக்கு மனச்சோர்வு, மருந்து எடுக்கிறார். எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் "பரம்பரை வருத்தமா" என்று விசாரிக்கிறார்களாம். எனக்கும் வருமா?

வந்தே தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது தங்கச்சி. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும், அது உண்மை. ஆனால் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 37 சதவீதம்தான் மரபணுவால் வருவது. இதை "எனக்கு 37 சதவீதம் வரும்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கு அதுவல்ல. அது சரி, அவர்கள் வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருக்கிறதா என்று உங்கள் ஆட்கள் கேட்டார்களா? அதுவும் பரம்பரையில் ஓடுகிறதுதான்.

பண்டாரவளை, ஆசிரியர்: செரட்டோனின் மரபணு குட்டையாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் என்று படித்தேன். உண்மையா மிஸ்?

நானும் ஒரு காலம் அதை நம்பினேன் சேர். செரட்டோனின் என்பது மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் ஒரு வேதிப்பொருள். நரம்புக்கு வெளியே வந்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணு 17ஆம் குரோமோசோமில். அதன் முன்பகுதி சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. குட்டையென்றால் புரதம் குறைவாக உண்டாகும். நியூசிலாந்தின் டுனிடினில் சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. வாழ்க்கையில் அடிமேல் அடி வாங்கியவர்களில், குட்டை வகைக்காரருக்கு மனச்சோர்வு கூட என்றது. உலகமே பிடித்துக்கொண்டது.

2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், அந்தத் தொடர்பு தெரியவில்லை. அடிபட்டால் மனச்சோர்வு கூடுகிறது என்பது மட்டும் அசையாமல் நின்றது. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளில், இதையும் சேர்த்துப் பேர் பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. அதே வருடம் எட்டு லட்சம் பேரை வைத்துச் செய்த வேறோர் ஆய்வில் மரபணுத் தொகுதியில் மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 இடங்கள் அகப்பட்டன, ஒவ்வொன்றின் பங்கும் அணுவளவு.

ஒரு வேடிக்கை கேளுங்கள்: மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கிற புளூவொக்செட்டின் மாத்திரை தடுப்பதும் அதே புரதத்தைத்தான். அது குறைந்தால் நோய், தடுத்தால் மருந்து என்றால் கதை நேராக இல்லைதானே.

மஸ்கெலியா: கொழும்பில் ரத்தம் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் முன்கூட்டியே தெரியுமா?

தெரியாது. காசை வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டவளை: வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. பழம் நல்லது, சாப்பிடுங்கள்.

நானுஓயா: அக்கா, என் மனைவி மாத்திரை தொடங்கி பத்து நாள், ஒரு மாற்றமும் இல்லை. கிளினிக் போகிற நாளில் பேர் (அன்றைய சம்பளம்) இல்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் தம்பி. செரட்டோனின் அளவு சில மணி நேரத்தில் மாறினாலும் மனசு தெளிய இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றும், படபடக்கும். மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறவர், அந்த நிலையில் அனுப்பாதீர்கள். ஒரு நாள் பேர் போகிற கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) வளர்ந்தவள்தான். நிலைமையை டொக்டரிடம் சொல்லி, ஒரே தடவையில் இரண்டு மாத மருந்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் அடிக்கடி வரச் சொல்வார்கள். சாகலாம் என்று அவர் வாய் திறந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழையுங்கள்.