கோப்பையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்பான். எதையாவது கழற்றிக்கொண்டும் கலக்கிக்கொண்டும் இருப்பான். ஒரு வருடமாக எதிலும் ஆர்வமில்லை. சனிக்கிழமை ரோபோட்டிக்ஸ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு இரண்டிலும் சேர்த்திருக்கிறோம். விலை உயர்ந்த அறிவியல் கிட்டுகளும் வாங்கிக் கொடுத்தோம், ஒன்றைக்கூட முடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்தால் செல்போன்தான். இத்தனைக்கும் திறமையில்லாத பிள்ளை இல்லை. போன வருடம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசுக் கோப்பை வாங்கினான். முதலில் செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்து ஏதோ காட்டப்போகிறேன் என்றான். ஸ்டாலில் வைக்க அது எடுப்பாக இருக்காது என்று, நானும் கணவரும் நள்ளிரவு வரை உட்கார்ந்து தெர்மோகோலில் மழைநீர் சேகரிப்பு மாடல் செய்து கொடுத்தோம். அடுத்த மாதம் மறுபடியும் கண்காட்சி வருகிறது. சந்திரயான் மாடல் செய்யலாம் என்கிறார் கணவர். மகனோ வரவே மாட்டேன் என்கிறான். எந்த வகுப்பில் சேர்த்தால், என்ன மாதிரியான செயல்பாடுகளைக் கொடுத்தால் பழைய ஆர்வம் திரும்பும்?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், சேலம்

பதில்: அம்மா, ஊரும் வகுப்பும் மாறுமே தவிர, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டான், இனி எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்ற இந்தக் கடிதம் ஏறக்குறைய இதே சொற்களில் எனக்கு வந்துகொண்டேயிருக்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்; ஆனால் அதை எழுதப்போவதில்லை. ரோபோட்டிக்ஸ், கிட், செல்போன் ஆகியவற்றை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்து விழுந்திருக்கும் அந்தச் செம்பருத்திப் பூவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அந்தப் பூவை வைத்து என்ன காட்டப்போகிறான் என்று அவனிடம் நீங்கள் கேட்கவேயில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அவனுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். சிவப்புச் செம்பருத்தியின் இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சாறு இறங்கி, காயக் காய ஊதாவாக மாறும். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். பக்கத்திலேயே வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஒரு சொட்டு விட்டால் பச்சையாகும். இதழில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டுவதால் இது நடக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் முந்தைய ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இதே செம்பருத்தி நிறங்காட்டியாக வந்தது. 1664-இல் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், வயலட் பூவின் சாறு அமிலம் பட்டால் சிவப்பதையும் காரம் பட்டால் பச்சையாவதையும் எழுதிவைத்தார். பாயில் பூச்சாற்றில் பார்த்ததை உங்கள் பிள்ளை தோட்டத்துப் பூவில் பார்த்திருக்கிறான். அவனுடைய கண்காட்சிப் பொருள் அன்றே தயாராகிவிட்டது. பத்து வயதில் ஒரு பிள்ளை தானாக ஒன்றைக் கவனித்து, அதை நான்கு பேருக்குக் காட்ட வேண்டும் என்று துடிப்பதைவிடப் பெரிய அறிவியல் செயல்பாட்டை எந்த வகுப்பிலும் எவ்வளவு கட்டணம் கட்டியும் நீங்கள் வாங்கிவிட முடியாது.

அதைத்தான் எடுப்பாக இல்லை என்று தள்ளிவிட்டு, அவன் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் தெர்மோகோலை வெட்ட உட்கார்ந்தீர்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது, ஓட்டு வீடும் பிளாஸ்டிக் மரமும் நீலத் தாள் ஒட்டிய கிணறுமாக, தன் கை படாத ஒரு பொருள் தன் பெயர் எழுதிய அட்டையோடு அவனுக்காகக் காத்திருந்தது. அதன் பக்கத்தில் நின்று, யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை வந்தவர்களிடமெல்லாம் ஒப்பித்திருப்பான். பிறகு மேடையேறிக் கோப்பையும் வாங்கினான். தான் செய்யாத வேலைக்குக் கைதட்டு வாங்கியது ஊரில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், அவனுக்குத் தெரியும். இனி எதையாவது செய்து பார்க்க அவன் ஏன் மெனக்கெட வேண்டும்? ஒரு வருடமாக ஆர்வமில்லை என்று ஓரிடத்திலும், போன வருடம் கோப்பை வாங்கினான் என்று வேறோரிடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்வதைச் சோம்பல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் நேர்மையாகப் பேசும் ஒரே ஆள் அவன்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு உதவுவது தவறா என்று கேட்பீர்கள். உதவி வேறு, ஆள்மாறாட்டம் வேறு. தேர்வறையில் அவனுக்குப் பதிலாக உங்கள் கணவர் உட்கார்ந்து எழுதினால் அதை என்னவென்று சொல்வீர்களோ, இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் முதலாவது, அவனைப் பொய்க்குப் பழக்காமல் இருப்பது. சோறும் கட்டணமும் அதற்குப் பிறகுதான். இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. அன்றைக்கு அதே அரங்கில், தானே வெட்டித் தானே ஒட்டிய, கோணலும் மாணலுமான ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு பெண்ணோ பையனோ உங்கள் தெர்மோகோல் வீட்டிடம் தோற்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஓர் அம்மா இருக்கிறாள்.

ஆகவே முதல் வேலை, கோப்பையை ஷோகேஸிலிருந்து எடுப்பது. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து வகுப்பு ஆசிரியையைப் பார்த்து, இது நாங்கள் செய்த மாடலுக்குக் கிடைத்த பரிசு, எங்கள் மகனுடையது இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அவனை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். தலைகுனிய வேண்டியவன் அவனில்லை. ஆசிரியைக்கு இது புதுச் செய்தியாகவும் இருக்காது. எந்த மாடல் எந்த வீட்டு அப்பாவின் கைவேலை என்பது பள்ளிகளில் பெரும்பாலும் தெரிந்தேதான் இருக்கிறது, தெரிந்தும் பரிசு கொடுக்கிறார்கள் என்பது தனி வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்ததும் அவனிடம் நடந்ததைச் சொல்லுங்கள். உன்னுடைய பூத்தாளை அன்றைக்குப் பார்க்காமல் விட்டது எங்கள் தவறு, இப்போது காட்டுகிறாயா என்று கேளுங்கள். உடனே ஓடிவந்து காட்டுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். தோளைக் குலுக்கிவிட்டுச் செல்போனைப் பார்ப்பான். பார்க்கட்டும்.

நீங்கள் பூவைப் பறித்து வந்து உங்கள் பாட்டுக்குச் செய்யத் தொடங்குங்கள். உங்கள் மகனுக்கு இது தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. கற்றுக்கொள்ளும் இடத்தில் நீங்கள் உட்கார வேண்டும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து இன்னொரு தாளில் பூசிக் காயவையுங்கள். அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சுண்ணாம்புத் தெளிநீரோ சோப்புத் தண்ணீரோ பட்டால் செக்கச்செவேலென்று ஆகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருடன் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பதை நீங்கள் கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. செம்பருத்தித் தாள் அமிலம், காரம் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்போது மஞ்சள் தாள் ஏன் ஒன்றை மட்டும் காட்டுகிறது என்று அவனே கேட்கக்கூடும். கேட்டால் இணையத்தில் தேடிப் படித்துக் காட்டாதீர்கள். மோர், புளிக்கரைசல், சமையல் சோடா, பற்பசை, குழாய்த் தண்ணீர் என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் இரண்டு தாள்களிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, எது என்ன நிறம் காட்டியது என்று அவன் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். சங்குப்பூவும் முட்டைக்கோஸில் ஊதா வகையும் இதே வேலையைச் செய்யும். மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வரைந்தால் சிவப்பு ஓவியம் எழும். அதையே வாழ்த்து அட்டையாகப் பாட்டிக்குக் கொடுக்கலாம். அறிவியல் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்ற கவலை உங்களுக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம்.

கூட இருக்க வேண்டிய கடமை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. கழிவறை கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் அவன் தொடவே கூடாது. அவை இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். இதை விளக்கமாகச் சொல்லி, அவற்றைப் பூட்டி வையுங்கள். வீட்டில் பூட்ட வேண்டியவை அவைதான். சுவரில் கறை, மேசையில் மஞ்சள், உடைந்த ஒரு கண்ணாடி டம்ளர் ஆகியவற்றுக்குச் சத்தம் போடாதீர்கள்.

ஓவிய வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் போட்டுக் கொடுத்த மயிலுக்கு வண்ணம் அடித்துவிட்டு வருகிறான் என்றால் அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தி, அவனைக் காலையில் வாசலில் உட்கார வையுங்கள். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய் ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும்படி சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்தால் கோலம் முழுவதும் ஒரே இழையில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனித்தனி இழைகள் வரும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை இழைகள். இந்த விதியை நீங்கள் அவனுக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் இதில் உங்களுக்கு இருக்கும் சிரமமான வேலை. வாயை மூடிக்கொண்டு அவன் போட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கும்வரை இருங்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970-களில் கோலத்தை எடுத்துக்கொண்டு கணினி அறிவியலுக்குரிய இலக்கணமாகவே ஆராய்ந்தார்கள். ஆண்பிள்ளை கோலம் போடுவதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அவர்களை எனக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்; அவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

கிட்டுகளை அவன் முடிக்காமல் வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. படத்தில் உள்ளபடி முடுக்கினால் படத்தில் உள்ளது வரும்; அதில் அவன் கேட்பதற்கு எந்தக் கேள்வியும் மிச்சமில்லை. காசு குறைவு என்பதால் கல்வி குறைந்துவிடாது என்பதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கி முப்பது ஆண்டுகள் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் சுற்றியிருக்கும் பொருள்களை வைத்துத் தாங்களே சோதனை செய்து, பார்த்ததைத் தாங்களே எழுதினார்கள். தேர்வுக்குப் புத்தகத்தையும் அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போகவும் அனுமதி இருந்தது. ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் குப்தா அங்கே வந்துதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் கட்டும் விளையாட்டை உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வால்வு டியூபைச் சைக்கிள் கடையில் வாங்கித் துண்டுதுண்டாக வெட்டி, தீக்குச்சிகளின் மருந்துமுனையைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள். சதுரம் அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை என்பது விரலுக்குத் தெரிந்த பிறகு, மின்கோபுரத்தையும் பாலத்தையும் அவன் வேறு கண்ணோடு பார்ப்பான். படிக்க வேண்டும் என்று அவனே கேட்டால், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் இதழை வாங்கிக் கொடுங்கள். கேட்காமல் வாங்கி மேசையில் அடுக்காதீர்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்று கேட்டீர்கள். ஒன்றிலும் வேண்டாம். இரண்டையும் நிறுத்துங்கள், சனி ஞாயிறு அவனுக்குத் திரும்பக் கிடைக்கட்டும். செல்போனைப் பிடுங்குவதற்கு முன் உங்கள் இருவருடைய செல்போன்களையும் அவனோடு உட்காரும் நேரத்தில் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்த மாதக் கண்காட்சிக்கு அவன் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. போகிறேன் என்றால் அவன் வைப்பதுதான் ஸ்டாலில் இருக்க வேண்டும், கறை படிந்த நான்கு தாள்களாக இருந்தாலும் சரி. உங்கள் கணவருக்குச் சந்திரயான் செய்ய ஆசையிருந்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். தெர்மோகோல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லோரும் பார்க்கக் கூடத்தில் உட்கார்ந்து செய்யட்டும். மகனிடம் உதவி கேட்கட்டும். அவன் வெட்டித் தரும் கால் கோணலாக இருந்தால் அதையே ஒட்டட்டும். செய்து முடித்ததை வீட்டில் எந்த அலமாரியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.