பழைய ஓ.எஸ். எஃப்.எஸ்-60 வாங்கலாமா? எதைப் பார்ப்பது, எப்படி ஓட்டுவது?

தாராளமாக வாங்கலாம். 1976-இல் ஜப்பானில் வந்த, மாடல் விமானங்களுக்கான 10 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் வெளியே தெரிய ஆடும் அழகே தனி.

புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷனில் நின்று கெட்டியாகத் தடுக்க வேண்டும். புஸ்ஸென்ற சத்தம் சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகுகிறது. கார்புரேட்டர் வழியே வந்தால் இன்டேக் வால்வு. கிராங்க்கேஸின் (அடிப்பகுதிக் கூட்டின்) காற்றுப் போக்கியான பிரீதர் குழாய் வழியே வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சுற்றவே மறுத்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எரிபொருளில் கலந்திருந்த பழைய விளக்கெண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். பலவந்தமாகத் திருப்பினால்தான் கனெக்டிங் ராடு வளையும். ஹேர் டிரையரால் சூடாக்கி, பெனட்ரேட்டிங் ஆயில் (இறுக்கத்தைத் தளர்த்தும் எண்ணெய்) விட்டு ஒரு நாள் வையுங்கள்.

சுற்றும்போது கரகரவென்றால் பின்பக்க பேரிங் துருப்பிடித்திருக்கிறது. எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும். ரிங்கைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயு கிராங்க்கேஸில் தங்கி அரிக்கும். பேரிங்கை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்த நிலையில், இரு வால்வும் மூடிய கம்ப்ரஷன் உச்சியில் வைத்துப் பாருங்கள்: 0.04 முதல் 0.10 மி.மீ. இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும்.

எரிபொருளில் 5–10% நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), 18–20% எண்ணெய். அதில் கொஞ்சம் விளக்கெண்ணெய் இருக்கட்டும். 12x6 (விட்டம் 12, பிட்ச் 6 அங்குலம்) புரொப்பெல்லர், நான்கு ஸ்ட்ரோக்குக்கான எஃப் வகை குளோ பிளக். எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ஊசி வால்வை உச்ச வேகத்துக்குச் சற்று ரிச்சாகவே (எரிபொருள் கூடுதலாக) விடுங்கள். லீனானால் (எரிபொருள் குறைந்தால்) எஞ்சின் பின்னுக்கு உதைத்து நட் கழன்று புரொப்பெல்லர் பறக்கும், ஆகவே இரட்டை நட் கட்டாயம், முன்னால் யாரும் நிற்கவே கூடாது.

ஓட்டி முடித்ததும் எரிபொருள் டியூபைக் கழற்றி எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, பிரீதர் வழியே சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள்.