வெடிக்கு உத்தரவு அவன் கொடுக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பெருமூளை வாதத்தால் வலது கையும் இரண்டு கால்களும் விறைப்பாக இருக்கும். பேச்சு நன்றாக வரும். போன தீபாவளிக்கு மாமியார் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் நிற்க, இவனை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டோம். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. இந்த வருஷம் என்ன செய்யலாம்?

பதில்: சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது அம்மா. அங்கேயும் அவன் வேடிக்கைதான் பார்ப்பான். அவன் இல்லாமல் நடக்காது என்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள்.

வெடியையே எடுத்துக்கொள்வோம். உடம்பு தூக்கிப்போடுவதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைக்குழந்தைகளிடம் இருக்கும் திடுக்கிடும் அனிச்சை, பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகும் அடங்குவதில்லை. சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதிர்ச்சி ஓரளவு குறையும். அதனால் "பத்த வை" என்ற உத்தரவு அவன் வாயிலிருந்து வரட்டும். அடுத்தது புஸ்வாணமா, சங்கு சக்கரமா என்பதும் அவன் முடிவு. மற்றப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். காதை மூடும் ஹெட்போனும் உதவும். தமிழ்நாட்டில் சில வருஷங்களாக வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். தெருவில் யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. உங்கள் வீட்டிலாவது அதைப் பிடித்துக்கொண்டால் அவனை முன்னமே தயார்ப்படுத்தலாம்.

கம்பி மத்தாப்பை வலது கையில் கொடுக்கவே வேண்டாம். பதறினால் விறைப்புள்ள விரல்கள் இன்னும் இறுகும். கீழே போட நினைத்தாலும் போட முடியாது. இடது கையில் பிடிப்பு நன்றாக இருந்தால் அதில் கொடுத்து, உங்கள் கையையும் சேர்த்துப் பிடியுங்கள். நாற்காலிக்குப் பிரேக் போட்டு, பொறி அவன் பக்கம் வராதபடி காற்று பார்த்து நிறுத்துங்கள். மடியில் துண்டு வேண்டாம், சட்டை பருத்தியாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

எண்ணெய்க் குளியலில் ஒரே விதி: குளிக்கும் நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் எண்ணெய், சீயக்காய் போட்டு எண்ணெய் போன பிறகுதான் தூக்குவது. பிசுக்கோடு தூக்கி வழுக்கவிட்ட கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். வெந்நீரில் விறைப்பு கொஞ்சம் தளரும். அந்தச் சூட்டோடு புதுச் சட்டையைப் போட்டுவிடுங்கள். முதலில் வலது கை, அப்புறம் இடது. கழற்றும்போது நேர்மாறு.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், விடியற்காலை அவசரத்தில் அது தவறக் கூடாது. முந்தின இரவு சீக்கிரம் தூங்கவையுங்கள். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம்.

சக்கர நாற்காலியை ஏற்ற மாமியார் வீட்டுப் படியில் சாய்வாகப் பலகை போடலாமே என்பார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். குட்டைப் பலகை ஆபத்து. இரண்டு பேர் தூக்குவதே மேல். கழன்று வரும் கைப்பிடியையோ கால் பலகையையோ பிடிக்காமல், சட்டத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ரவா லட்டு பிடிக்க ஒரு கை போதும். கிண்ணம் நகராமல் அடியில் ஈரத்துணி போட்டு, சூடு தணிந்ததும் இடது கையால் பிடிக்கச் சொல்லுங்கள். உருண்டை கோணலாக வந்தால் நீங்கள் எடுத்துச் சரிசெய்யாதீர்கள். அப்படியே தட்டில் அடுக்கி, வருகிறவர்களுக்கு அவனையே கொடுக்கச் சொல்லுங்கள்.